தேயாத மூட்டும் நோகாத காலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கோயமுத்தூரில் நின்றுகொண்டு தண்டையும் புஷ்ஷையும் பேரிங்கையும் தேய்மானத்தையும் பற்றி விரித்துரைக்க முற்படுகிறவன் சற்றே தயங்கத்தான் வேண்டும். எதிரே அமர்ந்திருப்போரில் பலர் அவற்றைக் கடைந்தும் இழைத்தும் பொருத்தியும் தம் வாழ்நாளைக் கழித்தவர்கள். ஆயினும், பம்பிலும் மோட்டாரிலும் நூற்பு யந்திரத்திலும் நாம் இத்தனை காலமாகச் சம்பாதித்த அந்த ஞானத்தை, மனித சரீரத்தோடு ஒட்டி நின்று பணிபுரிய வேண்டிய ஒரு சிறு யந்திரத்துக்கு, அதாவது தொடையளவில் காலை இழந்த ஒருவர் அணிந்து நடக்கும் செயற்கைக் காலின் முழங்கால் மூட்டுக்கு, நாம் இன்னும் மனமுவந்து அளிக்கவில்லை என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. இன்று பேசும் பொருளாக இதனை நான் தேர்ந்துகொண்டதற்கு அதுவே காரணம்.

இத்துறையில் ஒரு பழைய பாகுபாடு வழங்கி வருகிறது. மூட்டு நீடித்து உழைக்கும்படி செய்வது யந்திர நிபுணரின் பொறுப்பு என்றும், அதை அணிகிறவருக்கு வலியில்லாமல் பார்த்துக்கொள்வது மருத்துவரும் கால் பொருத்துபவரும் ஏற்கவேண்டிய பொறுப்பு என்றும் கருதி, இருவரும் தத்தம் அறையில் தனித்தனியே வேலை செய்கிறார்கள். இந்தப் பாகுபாடு பிழையானது என்பதே என் அபிப்பிராயம். செயற்கைக் காலைப் பொறுத்தவரை உழைப்பும் சுகமும் ஒரே குணத்தின் இரு தோற்றங்கள். மூட்டின் உள்ளே ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு தேய்ந்தால், அந்தத் தேய்வு சில மாதங்களுக்குள் தொடையின் தோலில் புண்ணாக வந்து முடிகிறது. எப்படி முடிகிறது என்பதைக் காட்டுவதற்கு முன், முழங்கால் என்பது என்ன காரியம் செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்த்துவிடுவோம்.

நடையில் ஒரு கால் தரையில் ஊன்றி உடலின் பாரத்தைத் தாங்குகிறது. மறு கால் காற்றில் வீசி முன்னே செல்கிறது. ஊன்றிய நிலையில் முழங்கால் உறுதியாக நிற்கவேண்டும். வீசும் நிலையில் அதே முழங்கால் தாராளமாக மடங்கவேண்டும், இல்லையேல் பாதத்தின் நுனி தரையில் இடறும். நிற்கும்போது பாறை, வீசும்போது நீர் என்று ஒரே மூட்டு ஒரு நொடிக்குள் இரண்டு ஸ்வபாவங்களை மாறி மாறி மேற்கொள்கிறது. நமக்குத் தசைகள் இருப்பதால் இது நினைவின்றி நடைபெறுகிறது. தொடைக்குக் கீழே தசை ஏதும் இல்லாதவருக்கோ, இந்த வேலை முழுவதையும் உலோகத்தின் வடிவமே செய்தாக வேண்டும்.

மிகவும் எளிய மூட்டு, கதவின் கீலைப் போல ஒரே அச்சில் திரும்புவது. பாரம் செல்லும் கோடு அச்சுக்கு முன்னே விழுந்தால் கால் நிமிர்ந்து நிற்கும். பின்னே விழுந்தால் சட்டென்று மடிந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். ஆகையால் கால் பொருத்துபவர் அந்த அச்சைச் சற்றுப் பின்னுக்கு வைத்துப் பாதுகாப்புத் தேடுகிறார். பின்னுக்கு வைக்க வைக்க, காலைத் தூக்கி வீசும்போது மடக்குவது கடினமாகிறது. இந்தச் சங்கடத்திலிருந்து தப்ப, பூட்டு வைத்து, நடக்கும்போது மூட்டு மடங்கவே மடங்காமல் செய்துவிடும் வழக்கமும் நம் நாட்டில் வெகுகாலமாக உண்டு. அவ்விதக் காலை அணிந்தவர் ஒவ்வோர் அடிக்கும் இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்புறமாக வட்டமிட்டுக் கொண்டுவந்து வைக்கிறார். தொடைக்கு மேல் காலை இழந்தவர் நடப்பதற்கே சாதாரண மனிதரைவிடப் பெருமளவு அதிக சக்தி செலவாகிறது. மடங்காத முழங்கால் அந்தச் செலவை இன்னும் பெருக்கி, மாலைக்குள் இடுப்பையும் முதுகையும் நோகவைத்துவிடுகிறது. விழாமல் இருப்பதற்கு அவர் கொடுக்கும் விலை அது.

இந்த இரண்டுக்கும் நடுவே வந்ததுதான் நான்கு சட்ட மூட்டு. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இவற்றை இணைக்க முன்னும் பின்னுமாக இரண்டு சட்டங்கள். நான்கு ஊசிகளில் அவை திரும்புகின்றன. இதில் கண்ணுக்குத் தெரியும் அச்சு ஒன்றில்லை. முன் சட்டத்தின் கோட்டையும் பின் சட்டத்தின் கோட்டையும் நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளியே அந்தக் கணத்து அச்சு. கால் நிமிர்ந்திருக்கும்போது அந்தப் புள்ளி மேலேயும் பின்னேயும் ஏறி நிற்பதால் பாரக்கோடு அதற்கு வெகு முன்னே விழுந்து கால் உறுதிபெறுகிறது. மடங்கத் தொடங்கியதும் அதே புள்ளி வேகமாக இறங்கி முன்னே வருவதால் மூட்டு இலகுவாக மடங்குகிறது. அதோடு, மடங்கும்போது கீழ்க்கால் சிறிதளவு குறுகுவதால் பாதத்துக்கும் தரைக்கும் இடையே கூடுதல் இடைவெளி கிடைத்து இடறும் அபாயம் குறைகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் சார்லஸ் ராட்கிளிஃப் என்ற பேராசிரியர் இந்த அமைப்பின் கணக்கை விரிவாக ஆராய்ந்து, சட்டங்களின் நீளத்தையும் சாய்வையும் மாற்றுவதனால் நடப்பவரின் கைவசத்தில் எவ்வளவு கட்டுப்பாட்டை ஒப்படைக்கலாம் என்று வரையறுத்துக் கொடுத்தார். மின்சாரமோ தைலக் குழாயோ கணிப்பொறியோ இல்லாமல், வடிவம் ஒன்றினாலேயே இவ்வளவு விவேகத்தை ஓர் இரும்புத் துண்டுக்குள் புகுத்த முடிந்தது என்பது யந்திரசாஸ்திரத்தின் அழகான சாதனைகளுள் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

சரித்திரத்தை நீட்டிச் சொல்லப்போவதில்லை. ரிக்வேதத்தில் விச்பலா என்பவளுக்கு அசுவினி தேவர்கள் இரும்புக் கால் கொடுத்த செய்தி வருகிறது. ஐரோப்பாவில் வாட்டர்லூ யுத்தத்தில் காலை இழந்த ஆங்கிலிசி பிரபு, முழங்காலும் கணுக்காலும் நரம்பினால் பிணைக்கப்பட்ட மரக்காலை அணிந்து நடந்தார். இத்தகைய கதைகள் யாவும் உறுப்புக் கிடைத்த இடத்தோடு நின்றுவிடுகின்றன; அது மூன்றாம் வருஷத்தில் என்ன ஆயிற்று என்பதை எந்தக் கதையும் சொல்வதில்லை. நமக்கு வேண்டியதோ அந்த மூன்றாம் வருஷத்தின் கதை.

நம் நாட்டில் இத்துறையின் பெரும் திருப்பம் 1968ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் நிகழ்ந்தது. அங்கே சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்புச் சிகிச்சை நிபுணரான பி.கே. சேத்தியும், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞரான ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து, ரப்பரை வார்த்து, காலணி இல்லாமலே நடக்கவும், குந்தி உட்காரவும், சேற்றில் இறங்கவும் ஏற்ற பாதமொன்றை உருவாக்கினார்கள். மேல்நாட்டுப் பாதம் காலணிக்காக வடிக்கப்பட்டது. இந்தப் பாதமோ இந்நாட்டுத் தரைக்காக வடிக்கப்பட்டது. 1975இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி அதனை லட்சக்கணக்கான ஏழைகளிடம் கொண்டுசேர்த்தது. சேத்திக்கு 1981இல் மகசேசே பரிசு கிடைத்தது. இலங்கையில் யுத்தத்தின் கொடுமையில் கால்களை இழந்த நம் தமிழ் மக்களுக்கும் யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையத்தின் வழியாக இந்தக் கால் சென்று சேர்ந்தது. நடனக் கலைஞர் சுதா சந்திரன், திருச்சிராப்பள்ளி அருகே 1981இல் நேர்ந்த பஸ் விபத்துக்குப் பிறகு கீழ்க்காலை இழந்து, ஜெய்ப்பூர்க் கால் அணிந்து மீண்டும் மேடையேறியதைத் தமிழ்நாடு நன்கறியும். அவருடைய மன உறுதியை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் யந்திர மாணவன் அதிலே கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. அவருக்குச் சொந்த முழங்கால் எஞ்சியிருந்தது. முழங்காலுக்கு மேலே வெட்டு நேர்ந்தவருக்குப் பாதம் மட்டும் போதாது, மூட்டும் வேண்டும். பாதத்தை வென்ற நம் தேசம் மூட்டில் வெகுகாலம் பின்தங்கியே இருந்தது.

இக்குறையைத் தீர்க்க, மேற்சொன்ன ஜெய்ப்பூர்ச் சமிதியோடு ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலை மாணவர்கள் கூடி, எண்ணெய் ஊட்டப்பட்ட நைலானில் கடைந்து, சுமார் 20 டாலர் செலவில் செய்யத்தக்க நான்கு சட்ட முழங்கால் ஒன்றை வடிவமைத்தார்கள். அதனை 2009இன் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக டைம் பத்திரிகை குறிப்பிட்டது. அதன் பின்னர் நம் சென்னையிலேயே, ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆராய்ச்சி மையம், சொசைட்டி ஃபார் பயோமெடிக்கல் டெக்னாலஜி, பெங்களூருவின் மொபிலிட்டி இந்தியா ஆகியவற்றோடு சேர்ந்து, 2022இல் ‘கடம்’ என்ற முழங்காலை வெளியிட்டது. அதுவும் பல அச்சு மூட்டே. 160 டிகிரி வரை அது மடங்கும். துருப்பிடிக்காத எஃகும் அலுமினியக் கலவையும் உடலாக, குரோமியம் பூசிய இ.என். 8 எஃகு ஊசிகளும், அவற்றைச் சுற்றி உறைபோல் அமையும் நெடுநாள் தேயாத பாலிமர் புஷ்களும் அதன் மூட்டுகளாக அமைந்திருக்கின்றன. இ.என். 8 என்ற பெயரைக் கேட்டதும் இந்த அவையில் சிலர் நிமிர்ந்து உட்கார்வதைக் காண்கிறேன். ஆம், பீளமேட்டிலும் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் உள்ள லேத் பட்டறைகளில் நாள்தோறும் கடையப்படும் அதே எஃகுதான். ஓர் ஆகாய விமானத்துக்குரிய அரிய உலோகம் இதற்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை சரியான ஜியோமிதியும், சரியான மேற்பரப்பும், சிரத்தையுமே.

இனி, தேய்வு எவ்வாறு புண்ணாகிறது என்ற மையமான விஷயத்துக்கு வருகிறேன்.

நாளொன்றுக்கு 5,000 அடிகள் நடக்கும் ஒருவர் ஒவ்வொரு காலிலும் 2,500 தடவை ஊன்றுகிறார். வருஷத்துக்கு அது ஒன்பது லட்சத்தைத் தாண்டும். ஒவ்வோர் ஊன்றிலும் அவருடைய எடைக்குச் சற்று மேற்பட்ட பாரம் அந்தச் சிறு ஊசிகளின் மேல் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு வீச்சிலும் ஊசி புஷ்ஷுக்குள் பாதித் திருப்பம்கூடத் திரும்பாமல் முன்னும் பின்னும் ஆடுகிறது. முழுச் சுற்றுச் சுழலும் தண்டில் எண்ணெய்ப் படலம் தானாக உருவாகித் தாங்கும் என்பதை மோட்டார்த் தொழில் அறிந்த நீங்கள் அறிவீர்கள். அரைகுறையாக ஆடும் ஊசியில் அப்படலம் உருவாகவே வாய்ப்பில்லை. ஆகவே உலோகமும் பாலிமரும் நேருக்கு நேர் உராய்கின்றன. புஷ்ஷில் வட்டமாகத் தேய்வதற்குப் பதிலாக ஒரே பக்கம் தேய்ந்து துளை நீள்வட்டமாகிறது. நம் பட்டறை மொழியில் சொன்னால், மூட்டு ஆட்டம் கொடுக்கத் தொடங்குகிறது.

அந்த ஆட்டம் முதலில் அற்பமாகத் தோன்றும். ஓர் ஊசியைத் தாங்கும் இரண்டு புஷ்களுக்கும் இடையே 40 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம், அங்கே 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் ஏற்பட்டால், 45 சென்டிமீட்டர் கீழே பாதத்தில் அது மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பக்கவாட்டு அசைவாகப் பெருகிவிடுகிறது. நான்கு ஊசிகளில் ஆட்டம் இருந்தால் அவையெல்லாம் ஒன்றோடொன்று கூடும். குதிகால் தரையைத் தொடும் கணத்தில் கால் ஒரு பக்கம் சிறிது துள்ளுகிறது. அந்தத் துள்ளல் மேலேறி, எஞ்சிய தொடையைக் கவ்வியிருக்கும் சாக்கெட்டைத் தோலின் மேல் வழுக்கச் செய்கிறது. நடப்பவர் அதை மூட்டின் குறையாக உணர்வதில்லை. “சாக்கெட் லூசாயிருச்சுங்க” என்றே சொல்கிறார். இன்னும் ஒரு துணியுறை அணிந்து இறுக்கிக்கொள்கிறார்; வியர்வை கூடுகிறது; தோல் ஊறுகிறது; கவட்டருகே சிவந்து, பிறகு உரிந்து, புண்ணாகிறது. புண் ஆறும்வரை காலைக் கழற்றி மூலையில் சாத்திவைக்கிறார். சில வாரங்களில் தொடையின் அளவு மாறிவிட, சாக்கெட்டே பொருந்தாமல் போகிறது. தரமான கால் ஒன்று பரண்மேல் ஏறும் விதம் இதுதான். மூட்டைச் செய்தவரிடம் கேட்டால் மூட்டு உடையவில்லை என்பார். சாக்கெட் செய்தவரிடம் கேட்டால் முதலில் நன்றாகப் பொருந்தியது என்பார். இருவரும் சொல்வது மெய்யே. நடந்தவர் மாத்திரம் நடையை இழந்தார்.

சிறு அழுத்தம் பலமுறை நேர்ந்தால் பெரிய காயமாகும் என்ற இந்த உண்மையை உலகுக்கு ஐயந்திரிபற நிரூபித்தவர் நம் கொங்கு நாட்டு மலையொன்றில் பிறந்தவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1914இல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் கைகளையும் கால்களையும் அறுவை முறையால் சீர்படுத்துவதில் அரும்பணி ஆற்றினார். உணர்ச்சியற்ற பாதங்களில் புண் வருவது நோயின் இயல்பினால் அல்ல. வலி என்ற காவல் இல்லாதபடியால், மிதமான அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழுவதனால்தான் என்று அவர் கண்டார். பின்னாளில் அமெரிக்காவில், எலிகளின் பாதத்தில் ஒரு சிறு யந்திரத்தைக்கொண்டு மென்மையாகத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்து, முதல் நாள் ஒன்றும் செய்யாத அழுத்தம் நாட்கள் செல்லச் செல்லத் தசையை வீங்கவைத்துப் புண்ணாக்குவதைப் பரிசோதனையாலும் மெய்ப்பித்தார். செயற்கைக் கால் வடிவமைப்போர் அவருடைய அந்த ஆராய்ச்சியைத் தம் பாடத்தின் முதல் அத்தியாயமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சர்க்கரை வியாதியினால் காலை இழப்போருக்கு எஞ்சிய காலிலும் உணர்ச்சி மங்கியிருக்கக்கூடுமாதலால், மூட்டின் ஆட்டம் அவர்களிடம் செய்யும் தீங்கு இரட்டிப்பாகிறது. புண் வந்ததே அவர்களுக்குத் தாமதமாகத் தெரிகிறது.

ஆகையால் மூட்டின் ஆயுளை எண்ணும்போது, அது எப்போது உடையும் என்று கேட்பது போதாது. எப்போது ஆட்டம் கொடுக்கும் என்று கேட்கவேண்டும். செயற்கைக் கால்களின் பலத்தைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 10328 என்ற சர்வதேசத் தரவிதி இருக்கிறது. 60, 80, 100 கிலோ எடையுள்ளவர்களுக்கு ஏற்பத் தனித்தனி பார நிலைகளை வகுத்து, குதிகால் ஊன்றும் கணத்தின் பாரத்தையும் முன்பாதம் உந்தும் கணத்தின் பாரத்தையும் 30 லட்சம் தடவை ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொல்கிறது அவ்விதி. நான் முன்னே சொன்ன கணக்கின்படி அது மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட நடை. மிக அவசியமான சோதனை. அதில் தேறாத மூட்டு எதையும் மனிதர் காலில் மாட்டுவது பாபம். எனினும், அச்சோதனையில் மூட்டு நிமிர்ந்த நிலையிலேயே நிற்கிறது. மடங்கி மடங்கி நிமிர்வதில்லை. அதில் தூசியும் இல்லை, வியர்வையும் இல்லை, சேறும் இல்லை. விரிசலைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. தேய்வைக் காட்டித் தருவது அதன் வேலையன்று.

தேய்வைக் காணவேண்டுமானால் நம் ஊரைத்தான் பார்க்கவேண்டும். நூற்பாலையிலும் சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களிலும் பஞ்சுத் துகள் காற்றெல்லாம் நிறைந்திருக்கிறது. எண்ணெய் தடவிய மூட்டில் அது படிந்து பசையாகிறது. வார்ப்படச்சாலையில் பறப்பதோ மணல்; அதன் துகள் எஃகைவிடக் கடினமானது, புஷ்ஷுக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால் பாலிமரில் பதிந்துகொண்டு ஊசியையே அரம் போட்டுத் தேய்த்துவிடும். ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் பாசனத்து நெல் வயலில் முழங்கால் அளவு சேறு; பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் பாய்ச்சல் நீர். நைலான் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே பருக்கும் இயல்புடையது. உலர்ந்த அறையில் கச்சிதமாகப் பொருந்திய நைலான் புஷ் மழைக்காலத்தில் ஊசியை இறுகப் பிடிக்கக்கூடும். எஃகும் அலுமினியமும் உப்பு வியர்வையில் நனைந்து ஒன்றையொன்று தொட்டு நின்றால் அலுமினியம் அரிக்கப்படும். பவானியிலும் சென்னிமலையிலும் குழித்தறியில் இறங்கி உட்காரும் நெசவாளருக்கு, குழிக்குள் மடங்கி நுழையத்தக்கதாகவும், மிதியைத் தொடும்போது தானாக நிமிர்ந்து இடிக்காததாகவும் மூட்டு அமையவேண்டும். கலியாணப் பந்தியில் சம்மணமிட்டு உட்கார விரும்புகிறவருக்கு, மூட்டு எவ்வளவு மடங்கினாலும் போதாது. தொடை அச்சில் திருகித் திரும்பும் ஒரு தட்டும் மூட்டுக்கு மேலே வேண்டும். இவற்றை எல்லாம் ஐரோப்பிய நிபுணர் அறிய நியாயமில்லை. நாம் அறிவோம், அறிந்தவர்களுக்கே கடமையும் உண்டு.

சுகம் என்பதில் சப்தமும் சேரும். வீச்சின் முடிவில் கால் நிமிர்ந்து நிற்கும்போது உள்ளே உள்ள ரப்பர்த் தாங்கி தேய்ந்திருந்தால் ‘டக்’ என்று ஓசை எழும். கோவில் பிராகாரத்தில் அவ்வோசை எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைக்கும். அணிந்தவர் மெல்ல மெல்ல வெளியே செல்வதையே குறைத்துக்கொள்வார். சில ரூபாய் பெறும் ரப்பர்த் துண்டு ஒன்று ஒரு மனிதரை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது என்பது எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம். அதே போல, உட்காரும்போது செயற்கை முழங்கால் மற்ற முழங்காலைவிட முன்னே துருத்தி நிற்பதை, சேலை கட்டும் பெண்மணிகள் சொல்லத் தயங்கும் குறையாகப் பொறுத்துக்கொள்கிறார்கள். சட்டங்களின் நீளத்தைத் தீர்மானிக்கும்போதே இதையும் கணக்கில் கொள்ளவேண்டும். வடிவமைக்கும் குழுவில் ஒரு பெண்ணாவது, அதைவிட மேலாக, அந்தக் காலை அணிபவர் ஒருவராவது அமர்ந்திருக்கவேண்டும்.

இங்கே அறுவை நிபுணர்களின் பங்கையும் நன்றியோடு குறிப்பிட விரும்புகிறேன். 1978இல் டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் தொடங்கிய கங்கா மருத்துவமனையில், டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும், விபத்தில் சிதைந்த கீழ்க்காலைக் காப்பாற்றலாமா, நீக்கவேண்டுமா என்று முடிவு செய்வதற்காக, தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்தைத் தனித்தனியே மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை வகுத்து 2006இல் வெளியிட்டார்கள். அதில் 14 அல்லது அதற்குக் கீழ்ப்பட்ட மதிப்பெண் காலைக் காக்கச் சொல்லும், 17 அல்லது அதற்கு மேற்பட்டது நீக்கச் சொல்லும், இடைப்பட்டது ஆழ்ந்த ஆலோசனையைக் கோரும். நம் ஊர் மருத்துவமனையின் பெயரைத் தாங்கிய அந்த அளவுகோல் பல தேசங்களில் படிக்கப்படுகிறது. முழங்காலைக் காப்பாற்றிக் கொடுக்கும் ஒவ்வோர் அறுவையும், நான் இவ்வளவு நேரம் வர்ணித்த மூட்டின் தேவையையே நீக்கிவிடுகிறது. அதைவிடச் சிறந்த மூட்டை எந்தப் பட்டறையும் கடைந்துவிட முடியாது. ஆனால் நீக்கியே தீரவேண்டிய கால்களும் உண்டு. மருத்துவர் அவ்வளவு நுட்பமாக அளந்து செய்த வேலைக்குப் பின், நாம் கொடுக்கும் மூட்டும் அதே நுட்பத்தோடு இருக்கவேண்டாமா?

இந்த ஊரின் யந்திரத் தொழில் தானாக முளைத்ததன்று. 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்பள்ளி தோன்றியது, பைகாரா மின்சாரம் வந்து ஆலைகளும் கிணற்றுப் பம்புகளும் பெருகின, ஜி.டி. நாயுடு 1937இல் மின்மோட்டாரை இங்கேயே செய்யவைத்தார். அயல்நாட்டு மோட்டார் பழுதானபோது உதிரிபாகத்துக்குக் கப்பலை எதிர்பார்த்திருக்க மனம் ஒப்பாதவர்கள் இவ்வூரார். பம்பு ஒன்றை விற்றால் அதற்குரிய புஷ்ஷும் சீலும் அடுத்த தெருவிலே கிடைக்கவேண்டும் என்பது இங்கே எழுதப்படாத தர்மம். அதே தர்மத்தைச் செயற்கைக் காலுக்கும் விரிவாக்குங்கள் என்பதே என் விண்ணப்பம்.

இலவச முகாம்களில் கால் கொடுப்பது நல்ல கைங்கரியம். கொடுத்த நாளில் எடுக்கும் புகைப்படமும் வேண்டியதுதான். ஆனால் ஒரு புஷ்ஷை மாற்றுவதற்காகத் தாராபுரத்துக் கூலித் தொழிலாளி இரண்டு நாள் கூலியை இழந்து சென்னைக்குப் போகவேண்டியிருந்தால், அவர் போகமாட்டார். ஆட்டத்தோடு நடப்பார், அல்லது நடக்காமல் இருப்பார். மூட்டைச் செய்பவர் யாராயினும், ஊசியின் குறுக்களவையும் புஷ்ஷின் அளவையும் ரகசியமாக வைத்துக்கொள்ளாமல், ஒரே தர அளவுக்கு அனைவரும் உடன்பட்டால், தாலுகா தோறும் ஒரு பட்டறை அந்த நான்கு ஊசிகளையும் எட்டு புஷ்களையும் கையிருப்பில் வைத்திருக்க முடியும். பஞ்சும் மணலும் ஈரமும் நிறைந்த பெட்டிக்குள் மூட்டை வைத்து, ஒரு சிறு மோட்டாரும் கிராங்கும் கொண்டு லட்சக்கணக்கான தடவை மடக்கி நிமிர்த்தும் சோதனை யந்திரத்தை, நம் பொறியியற் கல்லூரி ஒவ்வொன்றிலும் இறுதி ஆண்டு மாணவர்கள் ஒரு பருவத்துக்குள் செய்துவிடலாம். எஞ்சிய தொடைக்கு உறையாக அணியும் பருத்தித் துணியுறையை, உலகத்துக்கே பனியன் பின்னும் திருப்பூரும், மருத்துவ ஜவுளிக்கென்றே ஆராய்ச்சிப் பிரிவு நடத்தும் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, வியர்வையை வாங்கி வெளியேற்றும் பின்னலில், தையல் தழும்பில்லாமல் செய்து தருவது அவர்களுக்கு ஒரு சுமையாக இராது.

வடிவமைக்கும் இளைஞர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. வரைபடத்தில் கூர்மையான உள்மூலைகளை விடாதீர்கள். விரிசல் அங்கேதான் பிறக்கும். ஊசியின் மேற்பரப்பை மெருகேற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். புஷ்ஷின் ஆயுள் அதில்தான் அடங்கியிருக்கிறது. தூசி புகாத மறைப்பைப் பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாமல் முதல் கோட்டிலேயே வரையுங்கள். புஷ்ஷைக் கழற்ற விசேஷக் கருவி தேவைப்படும்படி ஒருபோதும் செய்யாதீர்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் ஸ்பானரால் திறக்கமுடியாத மூட்டு நம் கிராமத்துக்கு உதவாது. மூட்டை ஒருவருக்குக் கொடுத்த பின், ஆறு மாதத்திலும் ஒரு வருஷத்திலும் மூன்று வருஷத்திலும் அவரைத் தேடிச் சென்று, மூட்டின் ஆட்டத்தை அளவுக் கருவியால் அளந்து, அதே நாளில் அவர் தொடையின் தோலையும் மருத்துவரோடு சேர்ந்து பார்த்து, இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிவையுங்கள். அந்த ஏடு இன்று நம்மிடம் இல்லை. அதைத் தொடங்க முன்வரும் கல்லூரியும் மருத்துவமனையும் பட்டறையும் எவையாயினும், இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்குள் முதல் பக்கங்களையாவது எழுதி இந்த அவையில் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.